எக்ஸ்-ரேயில் தெரியாத கல்நார் நோய்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், கூட்டனை ஆற்றங்கரையில் இருக்கிறது லிபி. சின்ன ஊர். மக்கள் தொகை மூவாயிரத்தைத் தொடாது. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை. அந்த மலையில் வெர்மிகுலைட் என்ற கனிமம் கிடைத்தது. சூடேற்றினால் பொரிந்து பல மடங்கு உப்பி, எடையற்ற மணிகளாகிவிடும். குளிரைத் தடுக்க வீட்டுக் கூரைக்கு அடியில் அதைக் கொட்டுவார்கள். தோட்டத்து மண்ணில் கலப்பார்கள். 1920-களில் தொடங்கிய சுரங்கம், 1963-ல் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, 1990-ல் மூடப்பட்டது. உலகச் சந்தைக்குப் போன வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி இந்த ஒரே மலையிலிருந்து போன காலம் உண்டு.

அந்த மலையில் வெர்மிகுலைட் தனியாக இல்லை. பாறைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரும் பின்னிக் கிடந்தது. அதுவும் கல்நார் வகைகளிலேயே கொடியதான ஆம்ஃபிபோல் வகை. சுரங்கத்துக்குப் போன ஆண்கள் தலைமுடி, சட்டை, பூட்ஸ் எல்லாம் பொடி படிந்து வீடு திரும்பினார்கள். அப்பா வந்த சந்தோஷத்தில் பிள்ளைகள் ஓடிப்போய் மடியில் ஏறினார்கள். மனைவி அந்தச் சட்டையை உதறித் துவைக்கப் போட்டாள். பேஸ்பால் மைதானத்தை ஒட்டிக் குவித்து வைத்திருந்த வெர்மிகுலைட் மேட்டில் சிறுவர்கள் ஏறிக் குதித்தார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயப் பாதையிலேயே சுரங்கக் கழிவைப் பரப்பியிருந்தார்கள். மூச்சுத் திணறிச் செத்தவர்களில் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவர்களும் இருந்தார்கள்.

1999 நவம்பரில் 'சியாட்டில் போஸ்ட்-இன்டலிஜென்சர்' பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. பிறகுதான் அரசு வந்தது. 2000, 2001-ம் ஆண்டுகளில் 7,307 பேரிடம் விவரம் கேட்டார்கள். எக்ஸ்-ரே எடுக்கப்பட்ட 6,668 பேரில் 17.8 சதவீதத்தினருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் கோளாறு தெரிந்தது. 2009 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான சட்டத்தின் கீழ் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஊர் லிபிதான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கிரேஸ் நிறுவனத்தின் மீதான கிரிமினல் வழக்கு விடுதலையில் முடிந்திருந்தது.

கல்நார் என்றால் நுரையீரல் நோய் என்றுதான் இதுவரை நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்று. எல்லாமே உண்மை. ஆனால் லிபியில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. விவரம் கேட்கப் போனவர்களிடம் ஊர்க்காரர்கள் முடக்குவாதம் என்றார்கள், லூபஸ் என்றார்கள், தோல் இறுகிப்போகும் ஸ்க்லெரோடெர்மா என்றார்கள். ஒரு சின்ன ஊரில் இருக்க வேண்டிய அளவைவிட இந்த நோய்க்காரர்கள் அதிகமாக இருந்தார்கள். மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று: மூன்றிலும் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே நம் உடலைத் தாக்குகிறது.

மூச்சில் போன இழை மூட்டு வரைக்கும் எப்படிப் போயிற்று?

விழுங்க முடியாத ஒன்று

கல்நார் ஒரு பாறைதான். ஆனால் நார் நாராகப் பிரியும். பிரிந்த நார் மறுபடியும் நீளவாக்கிலேயே பிளந்து பிளந்து கண்ணுக்குத் தெரியாத இழையாகும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் இழையின் தடிமன் மூன்று மைக்ரானுக்கும் குறைவு. நீளம் மட்டும் பத்து, இருபது, அதற்கு மேலும் இருக்கும். மெலிதாக இருப்பதால் காற்றோடு வளைந்து நெளிந்து கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. நீளமாக இருப்பதால் அங்கிருந்து திரும்ப முடிவதில்லை.

காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளை அணுக்கள் ஊர்ந்து திரிகின்றன. கிருமி வந்தாலும் தூசி வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. நாம் மூச்சில் இழுக்கும் எத்தனையோ அழுக்கை நமக்குத் தெரியாமலே அப்புறப்படுத்துகின்றன. ஒரு மேக்ரோஃபேஜின் அகலம் பதினைந்து, இருபது மைக்ரான் இருக்கும். அது இருபத்தைந்து மைக்ரான் நீளமுள்ள ஒரு கல்நார் இழையைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையை உள்ளே இழுக்கிறது. மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் சிக்கிய மீன் முள்ளைப் போல, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. வாயை மூட முடியாத அந்த அணு, செரிப்பதற்காக வைத்திருந்த அமிலத்தையும் நொதிகளையும் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளியே கொட்டுகிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய ரசாயனம் பக்கத்துத் திசுவை அரிக்கிறது. இழையில் இருக்கும் இரும்பு இதை இன்னும் மோசமாக்குகிறது.

கடைசியில் அந்த மேக்ரோஃபேஜ் செத்துவிடுகிறது. இழை சாவதில்லை. அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதே இழையைப் பிடிக்கிறது. இது பத்து ஆண்டு, இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு நடக்கும். சில இழைகளின் மேல் இரும்பும் புரதமும் படிந்து, மைக்ரோஸ்கோப்பில் பொன்னிறப் பாசிமணி கோத்தது போன்ற உருவங்கள் தெரியும். மருத்துவர்கள் இவற்றை ஆஸ்பெஸ்டாஸ் பாடி என்கிறார்கள். இறந்தவர்களின் நுரையீரலை அறுத்துப் பார்க்கும்போது, இவர் கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் போராட்டத்தில் உடலின் எச்சரிக்கை எப்படி ஒலிக்கிறது என்பதை 2008-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ட்ஷோப்பின் ஆய்வுக் குழு கண்டறிந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. மேக்ரோஃபேஜுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு ஒன்று இருக்கிறது. ஆபத்து வந்தால் அது திரண்டெழுந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற பொருளை வெளியே அனுப்பும். கவுட் நோயில் கால் கட்டைவிரல் மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் கிளப்பிவிடுவதும் இதே கூட்டைத்தான். கவுட் வலி மருந்தில் அடங்கும், படிகமும் கரையும். கல்நார் கரைவதில்லை. அதனால் எச்சரிக்கையும் நிற்பதில்லை.

2010-ல் ஹவாயில் ஹைனிங் யாங், மிக்கேலே கார்போனே ஆகியோரின் குழு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. கல்நார் பட்டுச் சாகும் செல்கள் அமைதியாக ஒடுங்கிச் சாவதில்லை, வெடித்துச் சாகின்றன. அப்போது உள்ளே இருக்க வேண்டிய ஹெச்.எம்.ஜி.பி-1 என்ற புரதம் வெளியே சிந்துகிறது. அது மேலும் மேக்ரோஃபேஜ்களை வரவழைக்கிறது. ஓயாத அழற்சிக்கு நடுவே உயிர் தப்பும் செல்களில் மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. மீசோதீலியோமா முளைப்பது இந்த மண்ணில்தான்.

ரத்தத்தில் தெரிந்த தடயம்

கல்நார்த் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்பது புதிய சந்தேகம் அல்ல. லண்டனில் நுரையீரல் மருத்துவர் மார்கரெட் டர்னர்-வார்விக், பார்க்ஸ் என்ற சக மருத்துவருடன் சேர்ந்து 1970-லேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். கல்நார்த் தொழிலாளர்களின் ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டரும், செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களும் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டிருந்தார்கள். முடக்குவாதத்திலும் லூபஸிலும் மருத்துவர்கள் தேடுவது இவற்றைத்தான். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் கண்டுபிடிப்பை யாரும் மறுக்கவில்லை. யாரும் பெரிதாகத் தொடரவும் இல்லை. புற்றுநோயின் கொடுமைக்கு முன்னால் மூட்டு வலி யார் கண்ணுக்கும் படவில்லை. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. புற்று வந்து இறந்தவரைக் கணக்கெடுத்தோம். கை விரலை மடக்க முடியாமல் முப்பது ஆண்டு வாழ்ந்தவரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த நூலை மறுபடியும் பிடித்தவர் மொன்டானா பல்கலைக்கழகத்தில் இருந்த நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஜீன் ஃபாவ். லிபி மக்கள் ஐம்பது பேரின் ரத்தத்தையும், அதே மாநிலத்தில் மிசூலா நகரைச் சேர்ந்த, அதே வயதும் பாலும் கொண்ட ஐம்பது பேரின் ரத்தத்தையும் அவர் ஒப்பிட்டார். 2005-ல் வெளிவந்த முடிவில், லிபிக்காரர்களின் ரத்தத்தில் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் கூடுதலானவர்களுக்கு இருந்தன. இருந்தவர்களுக்கும் அளவு அதிகமாக இருந்தது. நம்மூர் லேப்களில் ஏ.என்.ஏ. டெஸ்ட் என்று எடுக்கிறார்களே, அதே பரிசோதனைதான். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வந்தாலே நோய் என்று பொருளில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களில் சிலருக்கும் அது வரும். ஆனால் ஒரு ஊரே இன்னொரு ஊரைவிட அதிகமாக பாசிட்டிவ் காட்டினால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அடுத்த ஆண்டே, 2006-ல், ஆய்வாளர் நூனனும் ஃபாவும் மற்றவர்களும் அந்த 7,307 பேரின் விவரங்களுக்குள் போனார்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில், சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. வேலை, வீட்டுக்கு வந்த தூசி, விளையாடிய குவியல், தோட்டத்து மண் என எத்தனை வழிகளில் ஒருவர் அந்தத் தூசியோடு பழகினாரோ, அதற்கேற்பத் தன்னுடல் தாக்கு நோய்க்கான வாய்ப்பும் ஏறியது. அளவு கூடினால் பாதிப்பும் கூடுகிறது என்றால், காரணம் அதுதான் என்று சொல்வதற்கு விஞ்ஞானிகளுக்குத் தைரியம் வரும்.

செல்லுக்குள் இது நடக்கும் விதம் இப்படி. கல்நாரால் செல்கள் சாகும்போது, வழக்கமாக உள்ளே மறைந்திருக்கும் உட்கருப் பொருள்கள் செல்லின் மேற்பரப்பில் கொப்புளம் போல எழும்பி வெளியே தெரிகின்றன. ஆக்சிஜன் வினையால் அவற்றின் உருவமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் இதுவரை அவற்றைப் பார்த்ததில்லை. சுற்றிலும் அழற்சி, எச்சரிக்கை. அந்தச் சூழலில் கண்ணில் படும் புதிய பொருளை அந்நியம் என்று முடிவுகட்டி அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அதே பொருள் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. தாக்குதல் மூட்டுக்கும் தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது அப்படித்தான்.

லிபிக்காரர்களின் ரத்தத்தில் இன்னொரு வகை எதிர்ப்பொருளும் கிடைத்தது. அது நுரையீரல் உறையின் செல்களையே போய்ப் பற்றுகிறது. ஆய்வகத்தில் அந்த எதிர்ப்பொருள் பட்ட உறைச் செல்கள் தழும்புக்கான கொலாஜனைக் கூடுதலாகச் சுரந்தன. லிபியில் பலருக்கு நுரையீரல் உறை தகடு போல் தடித்து, நெஞ்சைச் சுற்றி இறுக்குகிறது. இதுவரை அதை இழை நேரடியாகக் குத்துவதால் வரும் புண் என்று நினைத்தோம். அந்தத் தழும்பில் நம் எதிர்ப்பு மண்டலத்தின் கையும் இருக்கிறது என்றால், சிகிச்சையைப் பற்றிய சிந்தனையே மாற வேண்டும்.

மற்ற நாடுகளிலிருந்தும் துணுக்குத் துணுக்காகச் செய்தி வந்தது. வயிற்றின் பின்புறம் தழும்பேறிச் சிறுநீர்க் குழாய்களை நெரிக்கும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அதற்கும் கல்நாருக்கும் தொடர்பு இருப்பதை 2004-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். சுவீடனில், வேலையில் கல்நார்த் தூசி பட்ட ஆண்களுக்கு முடக்குவாதம் கொஞ்சம் கூடுதலாக வருவது தெரிந்தது.

ஜப்பானில் தெரிந்த மறுபக்கம்

2005 ஜூன் இறுதியில் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் அமகசாகி நகரம் அதிர்ந்தது. அங்கே கல்நார் கலந்த சிமெண்ட் குழாய் தயாரித்த குபோட்டா நிறுவனத்தின் பழைய தொழிற்சாலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கே மீசோதீலியோமா வந்திருந்த செய்தி வெளியானது. ஜப்பானியர்கள் அதைக் 'குபோட்டா அதிர்ச்சி' என்றே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே, தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் நிவாரணம் தரும் சட்டம் அங்கே வந்தது. ஒரு நாடு தன் தவற்றை ஒப்புக்கொண்டு ஓராண்டுக்குள் சட்டம் போட்டது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குராஷிகியில் உள்ள கவாசாகி மருத்துவக் கல்லூரியில் தகேமி ஓட்சுகியும் அவருடைய குழுவினரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். இழை உள்ளே போய் முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் மீசோதீலியோமா வருகிறது. அத்தனை ஆண்டுகளில் முளைத்த தவறான செல்களை எதிர்ப்பு மண்டலம் ஏன் ஒழிக்கவில்லை? நம் எல்லோர் உடலிலும் அவ்வப்போது கெட்டுப்போன செல்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டு அழிக்கும் வேலையை என்.கே. செல்களும், கொல்லும் டி செல்களும் பார்க்கின்றன.

அவர்கள் மனித டி செல்களைச் சிறிதளவு வெள்ளைக் கல்நாரோடு மாதக்கணக்கில் வளர்த்தார்கள். பெரிய அளவு கொடுத்தால் செல்கள் செத்துப்போகும். சிறிய அளவு, நெடுங்காலம் என்பதுதான் வேலையிடத்தில் நடப்பது. செல்கள் சாகவில்லை, மாறின. கட்டி எதிர்ப்புக்குத் தேவையான இன்டர்ஃபெரான் காமாவை அவை குறைவாகச் சுரந்தன. கட்டி இருக்கும் இடம் தேடிப் போக உதவும் ஓர் உணர்வியும் அவற்றின் மேற்பரப்பில் குறைந்தது. மற்ற செல்களை அடக்கிவைக்கும் பொருள்கள் கூடின. என்.கே. செல்களையும் அப்படியே பார்த்தார்கள். கெட்ட செல்லை அடையாளம் காண அவை நீட்டும் உணர்விகள் குறைந்துபோயிருந்தன. மீசோதீலியோமா நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த என்.கே. செல்களிலும் அதே குறை தெரிந்தது. கொல்லும் டி செல்களோ, முழுமையாக முதிராமல் நின்றன.

முதலில் கேட்கும்போது குழப்பமாக இருக்கும். லிபியில் எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறி ஆடுகிறது. குராஷிகியில் அது சோர்ந்து கிடக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? 'இம்யூனிட்டி' என்பது ஏறும் இறங்கும் ஒரே அளவு என்று விளம்பரங்கள் நம் தலையில் ஏற்றிவைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. எதிர்ப்பு மண்டலத்துக்குள் தாக்கும் செல் உண்டு, தாக்காதே என்று அடக்கும் செல் உண்டு, எதைத் தாக்குவது என்று அடையாளம் காட்டும் செல் உண்டு. கல்நார் இவற்றுக்கு நடுவே இருக்கும் ஒழுங்கைக் குலைக்கிறது. தாக்கக் கூடாத மூட்டைத் தாக்குவதும், தாக்க வேண்டிய கட்டியை விட்டுவிடுவதும் அந்த ஒரே குலைவின் விளைவுகள். 'இம்யூனிட்டி பூஸ்டர்' வாங்கிக் குடித்தால் இது சரியாகாது. அப்படி விற்பவர்களைக் கல்நார்த் தொழிலாளி நம்பவே கூடாது.

இழையின் வகையையும் பார்க்க வேண்டும். லிபியில் இருந்தது ஆம்ஃபிபோல். ஊசி போல் நேரானது, நுரையீரலில் பல பத்தாண்டுகள் தங்கும். ஜப்பானியர்கள் டி செல்களோடு வளர்த்தது கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். சுருள் சுருளானது, அதைவிடச் சீக்கிரம் சிதையும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆம்ஃபிபோல்தான் உட்கரு எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. கிரைசோடைல் அப்படிச் செய்யவில்லை. கல்நார்த் தொழில் நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது என்கிறார்கள். அது சரியல்ல. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது: மீசோதீலியோமா மட்டுமல்ல, நுரையீரல், குரல்வளை, சினைப்பைப் புற்றும் அதில் உண்டு. கட்டியை அடக்கும் செல்களைச் சோர்வடையச் செய்ததும் இதே வெள்ளைக் கல்நார்தான். மூட்டைத் தாக்கவைப்பதில் ஒன்று முந்துகிறது. அதனால் மற்றொன்று நிரபராதி ஆகிவிடாது.

எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குச் சிகிச்சைப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. அறுவைக்கு வழியில்லாத மீசோதீலியோமா நோயாளிகள் 605 பேரிடம் நடந்த சோதனையில், கீமோதெரபி பெற்றவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 14.1 மாதமாகவும், எதிர்ப்பு செல்களின் கட்டை அவிழ்த்துவிடும் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 18.1 மாதமாகவும் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் முதல் வகையில் 27 சதவீதம், இரண்டாவதில் 41 சதவீதம். 2020 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. நான்கு மாதம் என்பது வெளியில் இருப்பவருக்குச் சின்னக் கணக்கு. அந்த வீட்டுக்கு அப்படி இல்லை. இந்த மருந்துகளின் விலையையும் சொல்லியாக வேண்டும்: கல்நார் ஷீட் கம்பெனித் தொழிலாளியின் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது.

நம் தலைக்கு மேலே

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை அரசு 1986-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் கல்நாரை நாம் விடவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் வெள்ளைக் கல்நாரை ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம். உலகில் இதை அதிகம் வாங்கும் நாடுகளில் நாமும் ஒன்று. தோண்டத் தகாதது என்று நாம் முடிவு செய்த பொருளை அடுத்தவன் தோண்டித் தந்தால் வாங்கிக்கொள்வோம் என்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. பல காலம் உலகுக்கே விற்றுவந்த கனடா 2018-ல் தடை போட்டது. பிரேசிலில் 2017-ல் உச்ச நீதிமன்றமே தடுத்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவும் கிரைசோடைலுக்குத் தடை அறிவித்தது.

இலங்கையின் கதை நம் மனதை இன்னும் நெருங்கி உறுத்தும். அங்கே 2018 தொடங்கிக் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, சில ஆண்டுகளில் முழுவதுமாக நிறுத்துவது என்று அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்தியது. சில நாட்களில் கல்நார்த் தடையை இலங்கை தள்ளிவைத்தது. தேயிலைக்கு ரஷ்யாவின் கதவும் திறந்தது. மலையகத் தமிழரின் உழைப்பில் விளைந்த தேயிலை, கல்நார் வாங்கவைக்கும் பகடைக்காயாயிற்று.

நம் ஊரில் கல்நார் இருப்பது பெரும்பாலும் கூரையில். ஆஸ்பெட்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட் என்று சொல்வோம். சிமெண்டோடு இறுகிக் கிடக்கும் வரை ஷீட்டிலிருந்து இழை பெரிதாக வெளிவருவதில்லை. அதன் அடியில் படுத்திருப்பவர்கள் பயந்து இன்றே பிடுங்கி எறிய வேண்டாம். அப்படிப் பிடுங்கும்போதுதான் ஆபத்தே தொடங்கும். அறுக்கும்போது, ஓட்டை போடும்போது, உடைக்கும்போது, வெயிலும் மழையும் பட்டு மேற்பரப்பு பொரிந்த பழைய ஷீட்டைத் தேய்த்துக் கழுவும்போது இழை பறக்கிறது.

எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஷீட் போட வந்தவர் கட்டிங் மெஷினை வைத்து ஓரத்தை அறுக்கிறார். சாம்பல் வெள்ளையில் ஒரு புகை எழுந்து அவர் முகத்தையே மறைக்கிறது. வாயில் கட்டியிருப்பது அழுக்குத் துண்டு. பல நேரம் அதுவும் இல்லை. கீழே நின்று ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும் பையனின் புருவம் நரைத்துப்போகிறது. வேலை முடிந்ததும் துண்டால் லுங்கியைத் தட்டிவிட்டு, அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அந்தத் துண்டைத் துவைப்பது யார்? லிபியில் நடந்தது இதுதான். புயல் அடித்து ஓயும்போது நொறுங்கிக் கிடக்கும் ஷீட்டுத் துண்டுகளைப் பள்ளம் நிரப்பவும் கோழிக் கூண்டு மூடவும் எடுத்துப் போகிறோம்.

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி, ஆய்வு மையம் தொடுத்த வழக்கு. தொழிலாளியின் ஆரோக்கியம் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்நார் நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதைப் புரிந்துகொண்ட தீர்ப்பு அது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் பதிவு வைத்திருக்கிறார்கள்? ஊர் ஊராகப் போய் ஷீட் போடுபவருக்கு? அவருடைய மனைவிக்கு?

அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. முடக்குவாதமும் லூபஸும் அங்கே இல்லை. மருத்துவப் பரிசோதனை என்றால் நெஞ்சு எக்ஸ்-ரேயும் மூச்சை ஊதிப் பார்ப்பதும்தான். எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தால் ஆள் நலம் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். லிபியிலும் குராஷிகியிலும் கிடைத்த பாடம் வேறு: நுரையீரல் படத்தில் ஒன்றும் தெரியாத காலத்திலேயே ரத்தத்தில் மாற்றம் தொடங்கியிருக்கலாம்.

ஐம்பது வயதில் கை விரல் வீங்கிக் காலையில் மடக்க முடியாமல் ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். சர்க்கரை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டு முன்பு ஷீட் கம்பெனியில் வேலை பார்த்தாயா, பிரேக் ஷூ தேய்த்தாயா, கப்பல் உடைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. வரும் நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்டாக வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி எழுதியது 1700-ல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கல்நார் இறக்குமதிக்கு ஒரு கடைசித் தேதி குறிக்க வேண்டும். அதுவரை, கல்நாரோடு வேலை செய்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் எக்ஸ்-ரேயோடு ரத்தப் பரிசோதனையும் மூட்டு மருத்துவரின் பார்வையும் கிடைக்க வேண்டும். வீட்டில் அந்தத் துணியைத் துவைத்தவர்களையும் ஜப்பானைப் போலக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஷீட்டை அறுக்க வேண்டியிருந்தால் மெஷின் வேண்டாம். தண்ணீர் ஊற்றி நனைத்து, கை ரம்பத்தால், திறந்தவெளியில், பிள்ளைகளை விலக்கிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டை நொறுக்காமல், நனைத்து, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். உதறாமல் நேராகத் தண்ணீரில் போடுங்கள். நீங்களோ உங்கள் அப்பாவோ கணவரோ எந்தக் காலத்திலாவது கல்நாரோடு வேலை செய்திருந்தால், அடுத்த முறை எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.